கமராவை ஆயுதமாக ஏந்தியவர்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் முன்னோர் மொழி. புல்லை ஏந்திப் போர் செய்தவரை நாம் கண்டதில்லை. ஆயினும், அடகுக் கடையொன்றிற் சில டொலர் கொடுத்து வாங்கிய பழைய கமராவை ஏந்தி, வறுமை, நிறவெறி என்னும் இரு பெரும் பகைகளோடு வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவரைச் சென்ற நூற்றாண்டு கண்டது. அவர் பெயர் கோர்டன் பார்க்ஸ்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுள் ஏழைக் கமக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, உயர்தரப் பள்ளிப் படிப்பையும் முடிக்க இயலாது தெருவில் நின்ற அவர், பிற்காலத்திலே உலகறிந்த படப்பிடிப்பாளராகவும், நாவலாசிரியராகவும், இசையமைப்பாளராகவும், திரைப்பட நெறியாளராகவும் விளங்கினார். 1966ஆம் ஆண்டு வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்று நூலுக்கு, 'ஆயுதங்களுள் ஒரு தெரிவு' என்று பொருள்படும் பெயரையே அவர் சூட்டினார். கத்தியும் துப்பாக்கியும் கைக்கெட்டும் தூரத்திற் கிடந்த இளமைக் காலத்தில், தாம் கமராவைத் தெரிந்தெடுத்ததையே அப்பெயர் குறிக்கிறது.

அவ்வாயுதம் அவர் கைக்கு எவ்வாறு வந்தது? அதனை அவர் எங்ஙனம் கையாண்டார்? எவர் பொருட்டு அது ஏந்தப்பட்டதோ, அவர்களுடைய கதி யாதாயிற்று? இம்மூன்று கேள்விகளுள் முதலிரண்டையும் எல்லோரும் கேட்பர். மூன்றாவதைக் கேட்பவர் சிலரே. பார்க்ஸின் வாழ்க்கையில் நமது சிந்தனைக்கு மிக உரியது அந்த மூன்றாவது கேள்வியே என்று நமக்குத் தோன்றுகிறது.

பதினைந்தாவது பிள்ளை

அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள கான்சஸ் மாநிலத்தில், போர்ட் ஸ்கொட் என்னுஞ் சிற்றூரில், 1912ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் திகதி பார்க்ஸ் பிறந்தார். பதினைந்து பிள்ளைகளுள் அவரே கடைசி. பிறந்தபொழுது குழந்தையிடம் மூச்சில்லை. இறந்து பிறந்ததென்றே எல்லோரும் எண்ணினர். பேறு பார்த்த வைத்தியர் குழந்தையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தியெடுக்க, அது வீரிட்டு அழுததாம். அந்த வைத்தியரின் பெயரையே பெற்றோர் நன்றியோடு பிள்ளைக்கு இட்டனர்.

அவ்வூரிலே ஆரம்பப் பாடசாலை கறுத்தவர்க்கு ஒன்று, வெள்ளையர்க்கு ஒன்று என இரண்டாகப் பிரிந்திருந்தது. உயர்தரப் பாடசாலை இரண்டு வைத்து நடத்த ஊரிற் பிள்ளைகள் போதாமையால், அங்கு மட்டும் இரு சாராரும் ஒன்றாகப் படித்தனர். ஒன்றாகப் படித்தனரேயன்றி, ஒன்றாக விளையாட இடமில்லை. பாடசாலை விழாக்களிற் கலந்துகொள்ளவும் இடமில்லை. கறுத்த பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வது பெற்றோர் பணத்தை வீணாக்குவதாகும் என்று ஓர் ஆசிரியை வகுப்பிலேயே கூறினார். பிற்காலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கௌரவப் பட்டங்கள் பார்க்ஸைத் தேடிவந்தபொழுது, அவற்றுள் ஒன்றை அந்த ஆசிரியைக்கே அவர் காணிக்கையாக்கினார்.

பதினொரு வயதில், வெள்ளைச் சிறுவர் மூவர் அவரை ஆற்றிலே தள்ளிவிட்டனர். அவருக்கு நீந்தத் தெரியாது என்பது அவர்கள் அறிந்ததே. நீருக்குள் மூச்சை அடக்கிப் பதுங்கிச் சென்று, அவர்கள் கண்ணிற் படாமற் கரையேறித் தப்பினார் சிறுவன்.

இத்தகைய ஊரிலே அவருக்குத் துணை நின்றவர் தாயார். வெள்ளைச் சிறுவனால் ஒரு காரியம் இயலுமாயின் உன்னாலும் இயலும். தோற்றதற்குத் தோலின் நிறத்தைச் சாக்காகக் கொண்டு என்னிடம் வராதே என்பது அவ்வன்னையின் கண்டிப்பான போதனை. அந்தத் தாயாரும் மகன் பதின்பருவத்தில் இருக்கையிலேயே மறைந்தார். வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன், தாயாரின் சவப்பெட்டி அருகே தரையிற் படுத்து ஓரிரவைக் கழித்ததாகப் பார்க்ஸ் பின்னர் கூறியிருக்கிறார். மரணத்தைக் கண்டு நடுங்கிய சிறுவன், அவ்விரவோடு அந்த நடுக்கத்தைப் போக்கிக்கொண்டான்.

புகையிரதத்திற் கிடந்த சஞ்சிகை

தாயாரின் விருப்பப்படி வடக்கே மினசோட்டா மாநிலத்துச் சென். போல் நகரிலிருந்த தமக்கையாரின் வீட்டிற்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கு நெடுநாள் தங்க இயலவில்லை. தமக்கையின் கணவருக்கும் அவருக்கும் மனம் ஒத்துவரவில்லை. கடுங்குளிர் காலத்தில் ஓரிரவு வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். பகலிற் பாடசாலை, இரவிலே படுக்க இடமில்லை. சென். போல் நகருக்கும் அடுத்துள்ள மினியாபொலிஸ் நகருக்கும் இடையே ஓடும் டிராம் வண்டியிற் சிறு கட்டணஞ் செலுத்தி ஏறி, விடியும்வரை அங்குமிங்கும் பிரயாணஞ் செய்து அதிலேயே உறங்கினார். பியானோ வாசித்தார், உணவுச்சாலையில் எச்சிற் கோப்பைகளை எடுத்தார், தரை துடைத்தார். படிப்பு இடையிலேயே நின்றது.

பின்னர், நெடுந்தூரப் புகையிரதமொன்றின் உணவு வண்டியில் பரிமாறுபவராக வேலை கிடைத்தது. பிரயாணிகள் வாசித்துவிட்டுப் போட்டுச் செல்லும் சஞ்சிகைகளை அவர் எடுத்துப் பார்ப்பதுண்டு. அவ்வாறு ஒருநாள் எடுத்த சஞ்சிகையிலே, வறட்சியால் நிலமிழந்து, ஊர்விட்டு ஊர் அலையும் ஏழைக் கமக்காரரின் படங்களைக் கண்டார். அவை, அமெரிக்க அரசாங்கத்தின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் பகுதிக்காக எடுக்கப்பட்ட படங்கள். அந்த முகங்கள் அவரை விட்டு அகலவில்லை. சொல்லாலே சொல்ல முடியாத ஒன்றைப் படம் சொல்லிவிடும் என்பதை அன்று கண்டுகொண்டார்.

சிக்காகோ நகரிலே ஒரு செய்திப் படமும் அவர் மனத்தைக் கவர்ந்தது. 1937ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் சீனாவிலே அமெரிக்கப் போர்க்கப்பலான 'பனாய்' குண்டு வீச்சுக்கு இலக்கானபொழுது, கப்பலில் நின்றபடியே அதனைப் படமெடுத்த படப்பிடிப்பாளரை அவர் படமாளிகை மேடையில் நேரிற் கண்டார். அதன்பின் சிறிது காலத்துள், மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரின் அடகுக் கடையொன்றிலே, 'வொய்லாண்டர்' என்னும் ஜெர்மன் கம்பெனியின் கமராவொன்றை வாங்கினார். வாங்கிய கையோடு கடற்புறாக்களைப் படம் பிடிக்கச் சென்று, கடலுக்குள்ளேயே விழுந்தார். ஆனாற் படச்சுருள் தப்பியது. அதனைக் கழுவித் தந்த கடைக்காரர், முதன்முறையாகப் படம் எடுத்தவரின் வேலையா இது என்று வியந்தனர்.

சென். போல் நகரில் ஓர் ஆடையகத்திற்காக அவர் எடுத்த படங்களைப் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் மனைவியார் கண்டு, சிக்காகோவுக்கு வருமாறு ஊக்கமளித்தார். சிக்காகோவின் தென்பகுதியிலே பார்க்ஸ் இருவகைப் படங்களை எடுத்தார். சீமாட்டிகளின் உருவப் படங்கள் வயிற்றுக்கு; கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த சேரிகளின் படங்கள் மனச்சாட்சிக்கு. இரண்டாவது வகைப் படங்களே ரோசன்வால்ட் நிதியத்தின் புலமைப்பரிசிலை அவருக்குப் பெற்றுத் தந்தன. அப்பரிசிலைப் பெற்ற முதலாவது படப்பிடிப்பாளர் அவரே. அதனைக் கொண்டு, எந்தச் சஞ்சிகைப் படங்கள் தம்மை ஈர்த்தனவோ, அவற்றை எடுப்பித்த பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்திலேயே பயிலுவதற்கு 1942ஆம் ஆண்டு வாஷிங்டன் நகருக்குச் சென்றார்.

துடைப்பமும் கொடியும்

அந்நிர்வாகத்தின் படப் பகுதிக்குத் தலைவர் ரோய் ஸ்ட்ரைக்கர். அவர் புதிய மாணவனுக்கு இட்ட முதற் கட்டளை விந்தையானது. கமராவை இங்கேயே வைத்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு மேலங்கி வாங்கு, உணவுச்சாலையிற் சாப்பிடு, ஒரு படமும் பார்த்துவிட்டு வா என்றார். பார்க்ஸ் சென்றார். கடையில் அவருக்கு மேலங்கி விற்க மறுத்தனர். உணவுச்சாலையில் பின்வாயிலுக்குப் போகச் சொன்னார்கள். படமாளிகைக்குள்ளே விடவில்லை. குடியாட்சியின் பெயரால் உலகப் போரில் ஈடுபட்டிருந்த ஒரு நாட்டின் தலைநகரம் அது!

சினத்தோடு திரும்பிய மாணவன், தன்னை அவமதித்தவர்களைப் படம் பிடித்து உலகுக்குக் காட்ட வேண்டுமெனத் துடித்தான். ஸ்ட்ரைக்கர் அவனைத் தடுத்தார். வெறி கொண்டவனைப் படம் பிடித்து, அவன் கீழே 'இவன் வெறியன்' என்று எழுதிவிட்டால் மட்டும் யாரும் நம்பிவிட மாட்டார்கள். அவனும் பார்வைக்கு மற்றவர்களைப் போலவே இருப்பான். இந்தக் கொடுமையை வாழ்நாளெல்லாம் அனுபவித்தவர்களோடு முதலிற் பேசு என்பது அவர் அறிவுரை. அதே கட்டடத்தில் மாலை வேளையிலே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைச் சுட்டிக்காட்டினார்.

அவர் பெயர் எலா வாட்சன். பார்க்ஸ் கமராவை எடுக்குமுன் அவர் கதையைக் கேட்டார். தந்தை வெள்ளையர் கும்பலொன்றாற் கொல்லப்பட்டவர். தாயும் காலமாகிவிட்டார். கணவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். வருடத்துக்கு 1,080 டொலர் சம்பளத்தைக் கொண்டு, பேரப் பிள்ளைகள் உட்பட ஒரு குடும்பத்தை அவர் தாங்கி வந்தார். கேட்டு முடித்த பின்னர், அலுவலகச் சுவரிலே தொங்கிய அமெரிக்க தேசியக் கொடியின் முன்னே அப்பெண்மணியை நிற்க வைத்தார் பார்க்ஸ். கையிலே துடைப்பம், அருகிலே தரை துடைக்கும் தும்புக்கட்டை, பின்னே நட்சத்திரங்களும் கோடுகளும்.

அமெரிக்க ஓவியர் கிராண்ட் வூட் 1930ஆம் ஆண்டு தீட்டிய 'அமெரிக்கன் கோதிக்' என்னும் ஓவியத்தைக் கண்டவர்களுக்கு இப்படத்தின் குத்தல் உடனே விளங்கும். அவ்வோவியத்திற் பண்ணை வீட்டின் முன்னே வெள்ளைக் கமக்காரர் ஒருவர் வைக்கோல் வாரும் முட்கோலைப் பிடித்தபடி, ஒரு பெண்ணோடு நிற்பார். உழைத்து உயர்ந்த அமெரிக்கரின் சின்னமாக அதனைப் பலர் போற்றினர். பார்க்ஸ் அதற்குப் பதிலாக ஒரு துடைப்பத்தைக் காட்டினார். உழைப்பு இங்கும் உண்டு, உயர்வு எங்கே? படத்தைக் கண்ட ஸ்ட்ரைக்கர், இதனால் எங்கள் எல்லோருடைய வேலையும் போய்விடும் என்று திகைத்தார்.

ஆனால், அந்தத் தலைவர் அதே மூச்சில் வேறொன்றுஞ் சொன்னார்: வேலையை இத்துடன் நிறுத்தாதே. பார்க்ஸ் நிறுத்தவில்லை. வாரக்கணக்காக எலா வாட்சனின் வீட்டுக்கும், அவர் தொழும் தேவாலயத்துக்கும், அவர் சாமான் வாங்கும் கடைக்குஞ் சென்று, தொண்ணூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். கொடியின் முன்னே எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. எனினும், பேரக் குழந்தைகளுக்கு நடுவே அவர் அமர்ந்திருக்கும் படங்களையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அம்மாதரசியை நாம் அறிந்தவர்களாக மாட்டோம். முதலிற் கேள், பின்னர் படம் பிடி, பிடித்த பின்னும் விட்டுப் போகாதே. இதுவே பார்க்ஸ் வாஷிங்டனிற் கற்ற பாடம்.

அலபாமாவின் வண்ணப் படங்கள்

போருக்குப் பின்னர் பார்க்ஸ் நியூயோர்க்கில் நாகரிக உடைகளைப் படம் பிடித்துப் புகழ் பெற்றார். 1948ஆம் ஆண்டு, ஹார்லெம் பகுதியில் இளைஞர் குழுவொன்றின் பதினேழு வயதுத் தலைவனோடு பல வாரங்கள் பழகி எடுத்த படங்கள் 'லைஃப்' சஞ்சிகையில் வெளிவந்தன. வாரந்தோறும் பல இலட்சம் பிரதிகள் விற்பனையான அச்சஞ்சிகையின் நிரந்தரப் படப்பிடிப்பாளராக அமர்ந்த முதலாவது கறுப்பினத்தவர் அவரே.

ஆயினும், அங்கேதான் முதன்முதலாக ஒரு நெருடல் தோன்றியது. அவ்விளைஞனை அவர் பலவாறு படம் பிடித்திருந்தார். வீட்டு வேலை செய்பவனாகவும், தம்பியோடு விளையாடுபவனாகவும் அவன் சில படங்களில் இருந்தான். நூற்றுக்கணக்கான படங்களுள் ஆசிரியர் குழு தெரிந்தெடுத்தவை 21. அவற்றுட் பெரும்பாலானவை சண்டையும் இருளும் அச்சமும் நிறைந்தவை. ஆயுதத்தை ஏந்தியவர் ஒருவர். குறி பார்த்தவர் வேறொருவர்!

1956ஆம் ஆண்டு 'லைஃப்' அவரைத் தெற்கிலுள்ள அலபாமா மாநிலத்துக்கு அனுப்பியது. கறுத்தவர் வெள்ளையருக்கு இருக்கை விட்டெழ வேண்டுமென்ற விதியை எதிர்த்து, அம்மாநிலத்தின் மொன்கொமரி நகர மக்கள் பஸ் வண்டிகளைப் பகிஷ்கரித்துக்கொண்டிருந்த காலம் அது. பார்க்ஸ் ஊர்வலங்களையும் தடியடியையுந் தேடிச் செல்லவில்லை. மொபீல் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினரது அன்றாட வாழ்வை, வண்ணத்திலே படம் பிடித்தார்.

நல்லாடை உடுத்த ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும், 'கறுத்தவர் வாயில்' என்று செந்நிற ஒளியெழுத்திற் பொறித்த பலகையின் கீழே நிற்கின்றனர். கம்பி வேலியைப் பற்றியபடி, தாம் நுழைய இயலாத பூங்காவைச் சில பிள்ளைகள் பார்த்து நிற்கின்றனர். முதிய தம்பதியர் தம் வீட்டிலே அருகருகே நிமிர்ந்து அமர்ந்திருக்கின்றனர். அழுகையில்லை, அடிதடியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடையணிந்து கடைக்குச் செல்லும் எந்தக் குடும்பத்தையும் போன்றவர்கள் இவர்கள். அவ்வாறிருக்க அந்தப் பலகை எதற்கு என்னுங் கேள்வி பார்ப்பவர் உள்ளத்தில் தானாகவே எழுகிறது. தடியடியைக் காட்டும் படம் கண்டவரைப் பதைக்க வைக்கும்; இப்படங்களோ கண்டவரை நாணச் செய்தன.

ஆனால், படங்கள் வெளிவந்த பின்னர் நடந்ததையுஞ் சொல்ல வேண்டும். நிறப் பாகுபாட்டைப் பற்றி அச்சஞ்சிகையில் மனந் திறந்து பேசிய ஓர் ஆசிரியை தம் வேலையை இழந்தார். ஊரார் பகையைத் தாங்கமாட்டாது அக்குடும்பம் வீட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. படமெடுத்தவர் நியூயோர்க்குக்குத் திரும்பிவிடலாம். படத்திலிருப்பவர் அதே ஊரில் மறுநாட் காலையில் விழித்தெழ வேண்டும். பார்க்ஸ் மறைந்த பின்னர், இந்த வரிசையைச் சேர்ந்த இருநூறுக்கு மேற்பட்ட வண்ணப் படங்கள் ஒரு பெட்டிக்குள்ளிருந்து மீட்கப்பட்டன. இன்று அவை அரும்பொருட் சாலைகளை அலங்கரிக்கின்றன. அவற்றின் அழகிலே மயங்கும் நாம், அந்த ஆசிரியை செலுத்திய விலையை மறந்துவிடலாகாது.

குன்றின் மீதொரு சிறுவன்

1961ஆம் ஆண்டு, தென்னமெரிக்க வறுமையைக் குறித்துப் படமெடுக்கப் பார்க்ஸ் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜனைரோ நகருக்குச் சென்றார். கட்டக்கும்பா என்னும் குன்றுச் சேரியிலே, தலையில் நீர் சுமந்து மூச்சிரைக்க ஏறிவந்த பிளாவியோ என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கண்டார். வறிய குடும்பத் தலைவர் ஒருவரைத் தேடிப் படமெடுக்குமாறே ஆசிரியர் குழு அவருக்குப் பணித்திருந்தது. அப்பணிப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, பார்க்ஸ் அச்சிறுவனைப் பின்தொடர்ந்தார்.

ஒற்றை அறைக் குடிசை, எட்டுப் பிள்ளைகள். தாயுந் தந்தையும் வேலைக்குச் சென்றபின், மூத்தவனாகிய பிளாவியோவே சோறும் அவரையும் சமைத்துத் தம்பி தங்கையரை ஊட்டி வளர்த்தான். ஆஸ்துமா நோய் அவன் நெஞ்சை அடைத்தது. நெடுநாள் வாழான் என்று வைத்தியரும் அஞ்சினர். பார்க்ஸ் பல நாட்கள் அக்குடும்பத்தோடு பழகி எடுத்த படங்கள் 1961ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்தன.

வாசகர்களின் கடிதங்கள் மலைபோலக் குவிந்தன. பல்லாயிரம் டொலர் பணமும் வந்தது. டென்வர் நகரின் ஆஸ்துமா மருத்துவமனை ஒன்று சிறுவனை இலவசமாகக் குணப்படுத்த முன்வந்தது. பார்க்ஸே சென்று அவனை அழைத்து வந்தார். குடும்பத்துக்குச் சேரிக்கு வெளியே ஒரு வீடு வாங்கிக் கொடுக்கப்பட்டது. ஒரு படத்தால் ஓர் உயிர் பிழைத்தது என்று உலகம் மகிழ்ந்தது.

பிரேசில் நாட்டவர் சிலர் மகிழவில்லை. எங்கள் வறுமையைக் காட்டுகிறீர்களே, உங்கள் வறுமையைப் பாருங்கள் என்பது போல, 'ஓ குருசேய்ரோ' என்னும் அந்நாட்டுச் சஞ்சிகை தன் படப்பிடிப்பாளரை நியூயோர்க்குக்கு அனுப்பி, அங்கே சேரியில் வாழ்ந்த ஒரு குடியேற்றக் குடும்பத்தைப் படம் பிடித்துப் போட்டது. இதனை வெறும் வம்பு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பிறர் முற்றத்துக் குப்பையைக் காட்டுபவன் தன் முற்றத்தையும் காட்டக் கடமைப்பட்டவனல்லவா? பார்க்ஸைப் பொறுத்தவரை அவர் தமது முற்றத்தை முன்னரே காட்டியிருந்தார் என்பது மட்டும் உண்மை.

இரண்டு ஆண்டுகளிற் பிளாவியோ தேறினான். ஆங்கிலம் பேசக் கற்றான். அமெரிக்காவிலேயே தங்க ஆசைப்பட்டான். அது நிறைவேறவில்லை. 1963ஆம் ஆண்டு பிரேசிலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டான். 1976ஆம் ஆண்டு பார்க்ஸ் மீண்டும் ரியோவுக்குச் சென்றபொழுது, பிளாவியோ மணமாகிப் பிள்ளைகளைப் பெற்றிருந்தார். காவலாளியாக வேலை பார்த்தார். மீண்டும் அமெரிக்கா செல்லும் கனவு மட்டும் அவரிடமிருந்து போகவில்லை. அவருடைய சேரியோ 1970ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டு, மக்கள் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டிருந்தனர். அச்சேரியிலே மூச்சிரைக்க நீர் சுமந்த சிறுவன் பிளாவியோ ஒருவன் மட்டுமா? மற்றவர்களுக்குக் கடிதம் வரவில்லை, விமானமும் வரவில்லை.

இந்த வேதனையைப் பார்க்ஸ் மறைக்கவில்லை. ஒருவன் வாழ்வில் இவ்வாறு தலையிட்டது சரிதானா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, 1978ஆம் ஆண்டு பிளாவியோவைப் பற்றி ஒரு நூலையே எழுதினார். அதற்கு முன்னரே, 1968ஆம் ஆண்டு, ஹார்லெமில் பட்டினியோடு போராடிய ஒரு குடும்பத்தின் படங்களை அவர் வெளியிட்டிருந்தார். அக்குடும்பத்துக்கும் வாசகர் உதவியோடு ஒரு வீடு கிடைத்தது. அந்த வீடு தீப்பற்றியெரிந்து, தந்தையும் ஒரு மகனும் மாண்டனர். கமராவினால் ஒரு கதவைத் திறக்க முடியும். கதவுக்கு அப்பால் நடப்பதை அதனால் ஆள முடியாது.

வெள்ளித் திரையில்

தெரிந்தெடுக்கும் உரிமை பிறர் கையில் இருக்கும்வரை, தன் கதை முழுதாகத் தன் கதையாகாது. அந்த உரிமையைப் பார்க்ஸ் திரைப்படத்திலே பெற்றார். தமது இளமையைத் தழுவி 1963ஆம் ஆண்டு வெளியிட்ட 'கற்கும் மரம்' என்று பொருள்படும் நாவலை, 1969ஆம் ஆண்டு வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காகத் திரைப்படமாக்கினார். ஹொலிவூட்டின் பெரிய நிறுவனமொன்றுக்காகப் படத்தை நெறிப்படுத்திய முதலாவது கறுப்பினத்தவர் அவரே. திரைக்கதை, தயாரிப்பு, நெறியாள்கை, இசை ஆகிய நான்கும் அவருடையவை.

படப்பிடிப்பு நடந்த இடம் எது? எந்தப் பாடசாலை அவரை விளையாட்டிற் சேர்க்கவில்லையோ, எந்த ஆற்றிலே அவரைத் தள்ளினார்களோ, அதே போர்ட் ஸ்கொட் நகரமே! ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட மகன் படப்பிடிப்புக் குழுவுக்குத் தலைவனாகத் திரும்பிவந்து, அத்தெருக்களிலே கட்டளையிட்டான். இருபது ஆண்டுகள் கழித்து, 1989ஆம் ஆண்டு, பேணத்தக்க தேசியப் படங்களென அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையம் முதன்முதலாகத் தெரிந்தெடுத்த 25 படங்களுள் இதுவும் இடம்பெற்றது.

1971ஆம் ஆண்டு அவர் நெறிப்படுத்திய 'ஷாஃப்ட்' பெரு வெற்றி கண்டது. எவருக்குந் தலை வணங்காத கறுப்பினத் துப்பறிவாளன் ஒருவனைக் கதாநாயகனாகத் திரையிற் கண்ட இளைஞர் மகிழ்ச்சி கொண்டனர். 1984ஆம் ஆண்டு, அடிமையாகக் கடத்தப்பட்ட சொலமன் நோர்தப் என்னும் சுதந்திர மனிதரின் வரலாற்றைத் தொலைக்காட்சிப் படமாக்கினார். மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவாக ஒரு பாலே நடன நாடகத்துக்கு இசையும் அமைத்தார். 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் திகதி, தமது 93ஆவது வயதில் நியூயோர்க்கிற் காலமானார். அவரது உடல் போர்ட் ஸ்கொட் மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

நமக்கொரு கேள்வி

இன்று கமராவுக்காக அடகுக் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் அது இருக்கிறது. வீதியில் விழுந்தவனையும், வெள்ளத்தில் வீடிழந்தவளையும், அழுகின்ற பிள்ளையையும் நொடிப்பொழுதிற் படமாக்கி ஊரெங்கும் அனுப்பிவிடுகிறோம். நீதிக்காகவே அனுப்புகிறோம் என்றும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. எலா வாட்சனின் படம் இல்லையேல், வாஷிங்டன் அலுவலகத் தரையைத் துடைத்தவர் யாரென்பதை இன்று எவர் அறிவார்?

ஆனால், அந்தப் படத்துக்கு முன்னே ஒரு நீண்ட உரையாடல் இருந்தது. பின்னே வாரக்கணக்கான உறவு இருந்தது. பிளாவியோவின் படத்துக்குப் பின்னே பதினைந்து ஆண்டுகள் கழித்துங் கதவைத் தட்டிய ஒரு மனிதர் இருந்தார். அவரால் எல்லாவற்றையும் திருத்த முடியவில்லை. தாம் எடுத்த படத்தாற் சிலர் துன்புற்றதையும் தடுக்க முடியவில்லை. எனினும், அவர் அவர்களை மறக்கவில்லை. தமக்குப் பொறுப்பில்லையென்று கையைக் கழுவவுமில்லை.

படமெடுக்கும் கலையிலே நாட்டமுள்ள மாணவர்களும், அவர்களுக்குக் கமரா வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் இதனைச் சிறிது சிந்திப்பார்களாக. அடுத்த முறை பிறர் துயரொன்றைப் படம் பிடிக்கக் கை நீளும்பொழுது, முதலிற் கமராவைக் கீழே வைத்துவிட்டு, அவர் பெயரைக் கேட்போம். அவர் கதையைக் கேட்போம். படமெடுக்கலாமா என்றும் கேட்போம். எடுத்த பின்னர், சில நாள் கழித்து, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்க ஒருமுறை திரும்பிப் போவோம்.